சொந்த வீட்டு விலாசம்

எங்கள் தெரு முனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஒரு நாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வாசலிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வருகிறவர். அன்று சத்தமில்லாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"பத்து வருஷத்துக் கணக்குப் போச்சு, ஸார்" என்றார்.

விஷயம் இதுதான். கடையிலிருந்த பழைய கம்ப்யூட்டர் இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தது. ஆகவே புதிதாக ஒன்று வாங்கினார். கணக்கு எழுதும் நிரல் பழைய யந்திரத்தில் எந்த ஃபோல்டரில் இருந்ததோ, அந்த ஃபோல்டரை அப்படியே வாரியெடுத்துப் புதிய யந்திரத்தில் கொண்டுபோய் வைத்தான் கடைப் பையன். நிரல் திறந்துகொண்டது. ஆனால் உள்ளே ஒரு வரவு இல்லை, ஒரு செலவு இல்லை, கடன் வாங்கிக்கொண்டு போனவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. கடையில் முதல்முதலாக நிறுவிய தினத்தில் எப்படி இருந்ததோ அப்படி வெள்ளைக் காகிதமாக இருந்தது.

"பழைய யந்திரத்தில் திறந்து பார்த்தீர்களா?"

"அதில் திறந்தால் எல்லாம் இருக்கு, ஸார்! எடுத்துக்கொண்டு போனால் இல்லை. மாயமாக இருக்கு. பழைய யந்திரத்தை வாங்கிக்கொள்ள சாயங்காலம் ஆள் வேறு வருகிறான்."

"முதல் காரியமாக அந்த ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்றேன். என் மருமான் ஒருவனுக்குப் புரோகிராம் எழுதுவதுதான் பிழைப்பு. அவனை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனோம். கணக்கு எங்கே ஒளிந்திருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அது ஏன் ஒளிந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அன்று மாலை அவன் சொல்லக் கேட்டதையும், பின்னால் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் முன்பின் அறியாத இருவர் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தால் முதலில் பிறக்கும் கேள்வி, "ஸாருக்கு எந்த ஊர்?" என்பதுதான். பதில் பெரும்பாலும் இரண்டாக வரும். "இருப்பது சென்னை, சொந்த ஊர் மன்னார்குடி." கம்ப்யூட்டரில் ஓடும் நிரலுக்கும் இப்படி இரண்டு ஊர் உண்டு. அதை நிறுவி வைத்திருக்கும் ஃபோல்டர் ஒன்று. அது சொந்த ஊர். வேலை செய்யும்போது அது நின்றுகொண்டிருப்பதாகக் கருதப்படும் ஃபோல்டர் மற்றொன்று. அது இருக்கும் ஊர். இரண்டும் சில வேளை ஒன்றாக இருக்கும். பல வேளை வேறு வேறாக இருக்கும்.

சொந்த ஊர் தெரிந்து நிரலுக்கு என்ன ஆகவேண்டும் என்று கேட்கலாம். நிரல் தனியாளாகக் குடியிருப்பதில்லை. அதன் படங்கள், அகராதி, எச்சரிக்கை வாசகங்கள், துணை நிரல்கள் எல்லாம் அதே ஃபோல்டரில் சாமான்களாகக் கிடக்கின்றன. வீட்டு விலாசம் தெரிந்தால்தான் சாமானை எடுக்க முடியும். ஆனால், நாம் நினைப்பதுபோல் நிரலுக்குத் தன் விலாசம் பிறவியிலேயே தெரியாது. பிறரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். யாரைக் கேட்பது, கேட்டால் கிடைக்கும் பதிலை எவ்வளவு தூரம் நம்புவது என்பதில்தான் ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட கதை அடங்கியிருக்கிறது.

1969-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்தைச் சேர்ந்த மர்ரே ஹில் என்ற இடத்தில், பெல் ஆராய்ச்சிசாலையில் வேலை பார்த்த கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி என்ற இருவர் 'யூனிக்ஸ்' என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். யந்திரத்தையும் அதில் ஓடும் நிரல்களையும் கட்டி மேய்க்கும் தலைமை நிரலைத்தான் இயங்குதளம் என்கிறார்கள். நிரல்கள் குடியிருக்கும் வீடுகளுக்கெல்லாம் அதுதான் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

யூனிக்ஸில் ஒரு வினோதமான ஏற்பாடு உண்டு. ஒரு ஃபைலுக்கு உள்ளே பார்த்தால் அதன் பெயர் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அடையாளமாக ஓர் எண் மட்டும் இருக்கும். பெயர் என்பது ஃபோல்டரில் எழுதிவைத்த குறிப்பு, அவ்வளவுதான். ஒரே ஃபைலுக்குப் பல ஃபோல்டர்களில் பல பெயர்கள் இருக்கலாம். வீட்டில் அம்பி, பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் வெங்கடராமன், ஆபீஸில் ராமன் என்று ஒரே மனிதர் இருப்பதில்லையா? அது மாதிரிதான். ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பெயர்களையெல்லாம் அழித்துவிடலாம். அப்போதும் நிரல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆகையால், "என் விலாசம் என்ன?" என்று ஒரு நிரல் கேட்டால், "உனக்கு விலாசம் ஒன்றா, பலவா, அல்லது ஒன்றுமே இல்லையா?" என்று திருப்பிக் கேட்க வேண்டிய நிலைமை.

நிரலுக்குக் கிடைத்ததெல்லாம் ஒன்றுதான். அதைக் கூப்பிட்டவர் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரோ, அந்தப் பெயர் முதல் செய்தியாக அதன் கையில் கொடுக்கப்படும். கூப்பிட்டவர் முழு விலாசத்தையும் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அதிர்ஷ்டம். வெறும் பெயரைச் சொல்லியிருந்தால் வெறும் பெயர்தான். கூப்பிடுகிறவர் வேண்டுமென்றே பொய்ப் பெயர் சொன்னாலும் தடுப்பார் இல்லை.

இப்படியிருந்தும் அந்தக் காலத்தில் யாரும் அவதிப்படவில்லை. காரணம், ஊர் சிறியது. கட்டளை நிரல்கள் எல்லாம் 'பின்' என்ற ஃபோல்டரில், ஏற்பாட்டுக் குறிப்புகள் எல்லாம் 'எட்ஸி' என்ற ஃபோல்டரில் என்று வகுத்துவிட்டார்கள். முதல் வட்டில் இடம் போதாமல் போனபோது இரண்டாவது வட்டில் 'யூஸர்' என்ற ஃபோல்டருக்குள் இன்னொரு 'பின்' தோன்றியது. தச்சர் தெரு, கன்னார் தெரு என்று முன்பே வகுத்த ஊரில் யாரும் விலாசம் விசாரிப்பதில்லை. நிரல் எழுதியவர்கள் சாமான் இருக்கும் இடத்தை நிரலுக்குள்ளேயே முழுசாக எழுதிவிட்டார்கள். 1979-இல் வெளியான ஏழாம் பதிப்பில், எந்தெந்த ஃபோல்டர்களில் நிரலைத் தேடலாம் என்ற பட்டியலை அவரவரே வைத்துக்கொள்ளும் 'பாத்' என்ற ஏற்பாடு வந்தது. ஆனால் பட்டியலைப் பார்த்து நிரலைக் கண்டுபிடித்த பிறகு, "உன்னை இன்ன இடத்தில் கண்டுபிடித்தேன்" என்று அந்த நிரலிடம் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் ஏற்படவில்லை.

வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வரத் தொடங்கியபோதுதான் கஷ்டம் ஆரம்பித்தது.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். கம்பெனியின் பெர்ஸனல் கம்ப்யூட்டர் வெளிவந்தது. அதற்கு மைக்ரோஸாஃப்ட் கொடுத்த 'டாஸ்' என்ற இயங்குதளத்தின் முதல் பதிப்பில் ஃபோல்டர் என்பதே கிடையாது. ஒரு நெகிழ்வட்டு, அதில் 160 கிலோபைட் இடம், அதற்குள் எல்லா ஃபைலும். ஒற்றை அறை வீட்டில் குடியிருப்பவனுக்கு மூக்குக்கண்ணாடி எந்த அறையில் இருக்கிறது என்ற கவலை உண்டா? நிரலும் அதன் சாமான்களும் ஒரே இடத்தில் கிடந்தன; கையை நீட்டினால் அகப்பட்டன.

1983 மார்ச்சில் டாஸின் இரண்டாம் பதிப்பு வந்தது. அதனோடு வந்த யந்திரத்தில் 10 மெகாபைட் கொள்ளும் நிலைவட்டு. அவ்வளவு பெரிய இடத்தை அறை அறையாகத் தடுக்காமல் முடியாது. ஆகவே யூனிக்ஸைப் பார்த்து ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். ஒற்றை அறையில் வாழ்ந்து பழகிய நிரல்கள் திடீரென்று பல கட்டு வீட்டில் விடப்பட்டன.

அந்நாளில் எழுத்தாளர்கள் பலர் விரும்பி உபயோகித்த 'வேர்ட்ஸ்டார்' என்ற நிரலையே எடுத்துக்கொள்ளுவோம். அது முழுவதும் ஒரே சமயத்தில் யந்திரத்தின் நினைவில் கொள்ளாது. ஆகையால் அதன் பகுதிகள் துணை ஃபைல்களாகப் பிரிக்கப்பட்டு, வேண்டும்போது வட்டிலிருந்து படிக்கப்படும். நாவலை ஒரு ஃபோல்டரில் வைத்து, வேர்ட்ஸ்டாரை வேறு ஃபோல்டரில் வைத்து, நாவலின் ஃபோல்டரில் நின்றுகொண்டு வேர்ட்ஸ்டாரைக் கூப்பிட்டால், டாஸ் பட்டியலைப் பார்த்து நிரலைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். ஆனால் வேர்ட்ஸ்டாரோ தான் நிற்கும் இடத்தில் துணை ஃபைல்களைத் தேடும். காணோம் என்று கையை விரிக்கும். அதன் மூன்றாம் பதிப்பு வரையில் ஃபோல்டர் என்ற விஷயமே அதற்குத் தெரியாது. 1987-இல் நான்காம் பதிப்பு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஆனால் டாஸ் ஒரு பரிகாரத்தை அதற்குள்ளாகவே செய்திருந்தது. 1984 ஆகஸ்டில் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து, ஒவ்வொரு நிரலையும் தொடங்கும்போது அதன் முழு விலாசத்தையும் எழுதிக் கையில் கொடுத்தார்கள். எழுதிய இடம்தான் வேடிக்கை. நிரலுக்குக் கொடுக்கப்படும் ஏற்பாட்டுக் குறிப்புகளின் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. அந்தப் பட்டியல் முடிந்து, முடிந்ததற்கு அடையாளமான பூஜ்யங்களைத் தாண்டி, அதன்பின் ஒரு சிறு எண்ணையும் தாண்டி, அதற்கு அப்பால் விலாசம் எழுதியிருக்கும். கடிதம் முழுவதும் படித்து, "இப்படிக்கு" என்பதையும் தாண்டி, காகிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கும் பின்குறிப்பைப் படிப்பதுபோல! பொறுமையுள்ளவன் படித்தான். மற்றவர்கள், "நிற்கும் இடம்தான் வீடு" என்ற நம்பிக்கையிலேயே எழுதிக்கொண்டு போனார்கள்.

இதே 1984-இல் வந்த ஆப்பிள் கம்பெனியின் மேக்கின்டாஷ் வேறொரு வழியில் போயிற்று. நிரலின் படங்களையும் வாசகங்களையும் அந்த நிரலின் ஃபைலுக்குள்ளேயே தனிப் பகுதியாக வைத்துவிட்டார்கள். யாத்திரை போகிறவன் மூட்டையைத் தலையிலேயே சுமந்துகொண்டு போவது மாதிரி. மூட்டை கூடவே இருந்தால் வீட்டைத் தேடுவானேன்? நல்ல யோசனைதான். ஆனால் உலகத்தில் பெரும்பாலோர் வாங்கியது மற்ற யந்திரத்தை அல்லவா?

டாஸின் மேல் 'விண்டோஸ்' எழுந்தது. அதில் நிரல் தன் விலாசத்தை இயங்குதளத்திடம் நேரடியாகவே கேட்கலாம். 'கெட் மாட்யூல் ஃபைல் நேம்' என்று அந்தக் கேள்விக்குப் பெயர். கேட்டால் பதில் வரும். ஆனால் எவ்வளவு நீளமான பதில் வரும் என்று கேட்பவன்தான் முன்கூட்டி உத்தேசித்துப் பாத்திரத்தை நீட்ட வேண்டும். பாத்திரம் சிறிதாக இருந்தால் விலாசம் பாதியில் வெட்டுப்பட்டுவிடும். 260 எழுத்துக்கு மேல் போகாது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை.

சாதாரண மனிதர்களும் நிரல் எழுதட்டும் என்று மைக்ரோஸாஃப்ட் 1991-இல் வெளியிட்ட 'விஷுவல் பேஸிக்' பிற்பாடு இதை இன்னும் சுலபமாக்கிற்று. 'ஆப் டாட் பாத்' என்று இரண்டு சொல் எழுதினால் ஃபோல்டரின் பெயர் கிடைக்கும். அதிலும் ஒரு சிறு வில்லங்கம். வழக்கமான ஃபோல்டராக இருந்தால் பதிலின் முடிவில் சாய்கோடு இருக்காது. வட்டின் தலைவாசலிலேயே நிரலை வைத்திருந்தால் மட்டும் முடிவில் சாய்கோடு இருக்கும். "ஃபோல்டர் பெயர், ஒரு சாய்கோடு, பிறகு ஃபைல் பெயர்" என்று சேர்த்து எழுதியவருக்கு, எங்கோ ஒரு வாடிக்கைக்காரர் வீட்டில் மட்டும் இரண்டு சாய்கோடு விழும். எழுதினவர் யந்திரத்தில் அது ஒருநாளும் நடக்காது. எத்தனை பேர் இந்த ஒரு கோட்டுக்காக ராத்திரி கண்விழித்தார்களோ!

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தது. இனி நிரல்களெல்லாம் 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற ஒரே பேட்டையில் குடியேற வேண்டும் என்று வகுத்தார்கள். பழைய யூனிக்ஸ் ஏற்பாடு திரும்பி வந்ததுபோல் இருந்தது. உடனே பலர் அந்தப் பேட்டையின் பெயரை நிரலுக்குள் எழுதிவைத்துவிட்டார்கள். ஜெர்மானிய மொழியில் வந்த விண்டோஸில் அதே பேட்டைக்கு 'ப்ரோக்ராம்மெ' என்று பெயர். ஸ்பானிய மொழியில் 'ஆர்ச்சீவோஸ் தெ ப்ரோக்ராமா'. அமெரிக்காவில் ஓடிய நிரல் அங்கே போய் இல்லாத விலாசத்தைத் தேடிக்கொண்டு நின்றது.

இரண்டு சொல்லுக்கு நடுவே விட்ட இடைவெளியும் தொல்லையாயிற்று. விலாசத்தை மேற்கோள் குறிக்குள் வைக்காமல் கொடுத்தால், எது வரையில் நிரலின் பெயர் என்று இயங்குதளத்துக்குச் சந்தேகம் வரும். முதல் இடைவெளியோடு நிறுத்தி, 'புரோகிராம்' என்ற பெயரில் ஒரு நிரல் வட்டின் தலைவாசலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். யாராவது ஒரு போக்கிரி அந்தப் பெயரில் ஒரு நிரலை அங்கே வைத்திருந்தால் அதுதான் ஓடும்.

போக்கிரி என்றேன், கதையின் பயங்கரமான பகுதி இங்கேதான் வருகிறது. நிரலுக்கு வேண்டிய துணை நிரலைத் தேடும்போது, பழைய விண்டோஸ் முதலில் நிரலின் சொந்த ஃபோல்டரில் பார்க்கும். அங்கே இல்லாவிட்டால் நிற்கும் ஃபோல்டரில் பார்க்கும். இயங்குதளத்தின் பொதுக் களஞ்சியம் அதற்கும் பிறகுதான். 2001 செப்டம்பர் 18-ஆம் தேதி 'நிம்டா' என்ற தீய நிரல் உலகமெங்கும் பரவிற்று. அது செய்த பல காரியங்களில் ஒன்று என்னவென்றால், கடிதங்களும் கட்டுரைகளும் இருக்கும் ஃபோல்டர்களைத் தேடிப் போய், 'ரிச்எட்20' என்ற பெயரில் தன்னையே அங்கே வைத்துவிட்டு வந்தது. அந்தப் பெயர் எழுத்து நிரல்கள் உபயோகிக்கும் ஒரு நல்ல துணை நிரலின் பெயர். நீங்கள் உங்கள் கடிதத்தின்மேல் தட்டித் திறக்கிறீர்கள். எழுத்து நிரல் எழுந்து அந்த ஃபோல்டரில் நிற்கிறது. துணையைத் தேடுகிறது. பக்கத்திலேயே அதே பெயரில் ஒருவன் நிற்கிறான். "வா" என்று உள்ளே அழைத்துக்கொள்கிறது. நிற்கும் இடத்தையும் வீட்டையும் ஒன்றாகக் கருதியதற்குக் கிடைத்த பலன் அது!

2004-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது திருத்தத்தில், நிற்கும் ஃபோல்டரைத் தேடும் வரிசையில் பின்னுக்குத் தள்ளினார்கள். பொதுக் களஞ்சியத்தில் உள்ள துணைகளின் பெயரை வைத்து ஏமாற்றுவது அதனால் கடினமாயிற்று. ஆனால் எங்குமே இல்லாத துணையைத் தேடும் நிரல்கள் கடைசியில் நிற்கும் ஃபோல்டருக்குத்தானே வரும்? 2010 ஆகஸ்டில் மைக்ரோஸாஃப்ட் மீண்டும் ஒரு பகிரங்க எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. துணை நிரலை வெறும் பெயரால் கூப்பிடாதீர்கள், முழு விலாசத்தோடு கூப்பிடுங்கள் என்பதே அதன் சாரம். முழு விலாசத்தோடு கூப்பிட வேண்டுமானால் சொந்த வீட்டு விலாசம் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

இனி நண்பரின் கணக்குக்கு வருவோம்.

வீட்டு விலாசம் தெரிந்துகொண்ட நிரல்கள் வேறொரு தவறு செய்தன. வீட்டிலேயே பெட்டியையும் வைத்துக்கொண்டன. அதாவது, கணக்கு, கடிதம், அன்றாடம் மாறும் எல்லாவற்றையும் நிரலின் ஃபோல்டருக்குள்ளேயே எழுதிவந்தன. திருடன் புகுந்தால் நிரலையே மாற்றி எழுதிவிடலாம் என்பதால், 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் கட்டுப்பாடு விதித்தார்கள். புரோகிராம் ஃபைல்ஸ் பேட்டைக்குள் அதிகாரியின் அனுமதி இல்லாமல் எதையும் எழுதக்கூடாது. ஆனால் பழைய நிரல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. எழுதாதே என்றால் அவை அப்படியே நின்றுவிடும். அதற்காக ஒரு தந்திரம் செய்தார்கள். பழைய நிரல் தன் ஃபோல்டரில் எழுத வந்தால், "எழுதியாயிற்று" என்று சொல்லிவிட்டு, அதை உபயோகிப்பவரின் சொந்தப் பகுதியில் 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்ற மறைவான ஃபோல்டரில் கொண்டுபோய் வைப்பது. மறுபடி படிக்க வந்தால் அங்கிருந்து எடுத்து நீட்டுவது. நிரலுக்கு வித்தியாசம் தெரியாது. தன் வீட்டில்தான் பெட்டி இருக்கிறது என்று அது நம்பிக்கொண்டே இருக்கும்.

என் மருமான் அந்த மறைவான ஃபோல்டரை ஐந்து நிமிஷத்தில் திறந்துவிட்டான். பத்து வருஷத்துக் கணக்கும் அங்கே இருந்தது. கடைப் பையன் வாரிக்கொண்டு போன வீட்டில் இருந்தது, நிறுவிய அன்று வைத்த வெற்று ஏடு. கணக்கு நிரலைச் செய்தவர்கள் நல்லவர்கள்தான். வருஷா வருஷம் பணம் வாங்கிக்கொண்டு திருத்தமும் அனுப்பினார்கள். இந்த ஒன்றை மட்டும் திருத்தவில்லை. காயலான் கடை ஆள் சாயங்காலம் வந்திருந்தால்? நண்பர் அதை நினைத்து இரண்டு நாள் தூங்கவில்லை என்றார்.

இந்தக் கதை இன்னும் முடிந்தபாடில்லை. யூனிக்ஸின் வழியில் 1991-இல் பிறந்த லினக்ஸில், ஓடும் நிரல்களையே ஃபைல்களாகக் காட்டும் ஓர் ஏற்பாடு உண்டு. பெல் ஆராய்ச்சிசாலையில் டாம் கில்லியன் 1984-இல் விவரித்த யோசனை அது. அதில் 'ஸெல்ஃப்' என்ற இடத்தில் பார்த்தால் நிரலுக்குத் தன் விலாசம் கிடைக்கும். ஓடும்போதே ஃபைலை அழித்துவிட்டிருந்தால், பழைய விலாசத்தை எழுதி, பக்கத்தில் 'அழிக்கப்பட்டது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் எழுதிக் காட்டும்! 2016-இல் மேக் யந்திரத்தில், வலையிலிருந்து இறக்கிய நிரலை இறக்கிய இடத்திலேயே திறந்தால், இயங்குதளம் அதை வேறொரு தற்காலிகமான இடத்தில் இருப்பதாகக் காட்டி ஓட்டத் தொடங்கிற்று. பக்கத்தில் போக்கிரி யாராவது பொருளை வைத்துவிட்டுப் போயிருந்தால் அதை நிரல் தொடக்கூடாது என்பதற்காக. 2020-இல் வந்த டாட் நெட் ஐந்தாம் பதிப்பில், எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக மூட்டை கட்டிய நிரல் தன் பகுதியின் இடத்தைப் பழைய முறையில் கேட்டால், வெறுமையான பதில்தான் வரும். வேறு விதமாகக் கேட்க வேண்டும். மேக்கின்டாஷ் காலத்து மூட்டை, கூடவே புதிய கேள்வியையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

"அப்படியானால் நிரல் எழுதுகிறவர்கள் என்னதான் செய்ய வேண்டும்?" என்று மருமானைக் கேட்டேன்.

"மூன்று காரியம், மாமா" என்றான். "நிற்கிற இடத்தை வீடு என்று நினைக்கக் கூடாது. வீட்டு விலாசத்தை மனப்பாடமாக எழுதி வைக்காமல் ஒவ்வொரு தடவையும் இயங்குதளத்தைக் கேட்க வேண்டும். மாறாத சாமானை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு, ஜனங்களுடைய கணக்கையும் கடிதத்தையும் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் வைக்க வேண்டும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஆனால் இந்த மூன்றும் ஐம்பது வருஷமாக ஒவ்வொருத்தராகப் பட்டுப் பட்டுத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்."

இரும்புக் கடை நண்பர் இப்போது வாரம் ஒரு தடவை கணக்கைத் தனியாக நகல் எடுத்து வீட்டுப் பீரோவில் வைக்கிறார். பையன் நகல் எடுத்துக் கொடுத்தவுடன், "எந்த ஃபோல்டரிலிருந்து எடுத்தாய்?" என்று கேட்கத் தவறுவதில்லை. பையன் முழு விலாசத்தையும் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்த பிறகு, அந்த நகலைப் புதிய யந்திரத்தில் ஒரு தடவை திறந்து, கடன் வாங்கியவர்கள் பெயரெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பீரோவைப் பூட்டுகிறார்.